தலைமைப் பொறியாளருக்கு ஒரு நாற்காலி

தலைமைப் பொறியாளர் ஆளவந்தார், இட்லி வேகும் முன்பே மூடியைத் திறக்கிற ரகம். பாலம் கட்டும் இடத்துக்கு வந்தவர், முந்தாநாள் வார்த்த கான்கிரீட் உத்திரத்தை இரண்டு தட்டுத் தட்டினார்.

"இரும்பா இறுகிடுச்சு. உள்ளே இருக்கிற கம்பியை இன்னிக்கே இழுத்துக் கட்டுங்க. நாளைக்கு அமைச்சர் வர்றார்."

ஜாக்கி வைத்துக் கம்பி இழுக்கும் வேலை ஞானமுத்துவுடையது. சரியாக இறுகாத கான்கிரீட் நொறுங்கினால், கம்பி அம்பாய்ப் பின்னால் பாயும். மாட்டேன் என்றால் வேலை போகும். இழுத்தால் உயிரே போகும்.

"ஆகட்டும் ஐயா" என்றவன், ஜாக்கிக்கு நேர் பின்னால் ஒரு நாற்காலியைப் போட்டுத் துண்டால் துடைத்தான்.

"அங்கே எதுக்குய்யா நாற்காலி? மனுஷன் இருக்கிற இடமா அது?"

"இரும்புன்னு நீங்களே சொல்லிட்டீங்களே ஐயா. கூடவே உட்கார்ந்து நடத்திக் கொடுங்க. போட்டோக்காரரும் வந்துட்டார்."

ஆளவந்தார் நாற்காலியைப் பார்த்தார். கூடியிருந்த அத்தனை பேரும் அவரைப் பார்த்தார்கள்.

தொண்டையைச் செருமிக்கொண்டு தம் டிரைவரைக் கூப்பிட்டார். "கார்ல பஞ்சாங்கம் இருக்கா பாருப்பா. இன்னிக்குக் கரிநாள் மாதிரி இருக்கு."