வைத்தியர் தொடாத ஜிலேபி

நூற்பாலை முதலாளி வேதமாணிக்கத்துக்குச் சர்க்கரை வியாதி. காலில் ஆறாத புண் வேறு. வைத்தியர் தணிகாசலம் பேச்சைக் கேட்டு இன்சுலின் ஊசியை நிறுத்தி, நான்கு நாளாக அவருடைய மூலிகைப் பொடியைத் தின்றார். புண் கறுத்தது. சமையல்காரி பேச்சியம்மாள் அதைப் பார்த்துவிட்டாள்.

“ஊசி போட்டுக்குங்க ஐயா” என்று கெஞ்சினாள்.

“அடுப்படிக்காரிக்கு வைத்தியம் தெரியுமோ?” என்று அதட்டினார் வைத்தியர். “எனக்கும் சர்க்கரை இருந்துச்சு. இந்தப் பொடியில ஓடியே போச்சு!”

“தெரியாம பேசிட்டேன் சாமி” என்று உள்ளே போனவள், தட்டு நிறைய ஜிலேபியோடு வந்தாள். “சாப்பிடுங்க. உங்களுக்குத்தான் குணமாயிடுச்சே!”

வைத்தியர் தட்டைத் தள்ளினார். “வேண்டாம்மா, இன்னிக்கு நான் இன்னும் ஊசி போடல” என்று உளறிவிட்டார்.

முதலாளி பேச்சியம்மாள் பக்கம் திரும்பினார்.

“ஆஸ்பத்திரிக்கு வண்டி எடுக்கச் சொல்லு பேச்சி. காலு மரத்துப்போச்சு, பயமா இருக்கு.”