நாற்பத்தொரு வார்த்தைகளுக்கு ஓர் இடம்

“எப்பவுமே மூடாத கம்பெனி எதுங்க, டீச்சர்?”

கேட்டவர் சென்னிமலை. நாமக்கல் லாரி டிரைவர், வயது ஐம்பத்திரண்டு. கேள்வி போனது சமீராவிடம். அவளுக்கு வயது இருபத்தொன்பது. டயர் கடை மாடியில் இணையதளம் அமைக்கச் சொல்லித்தருகிறாள். குரு என்றால் தாடி இருந்தே ஆகவேண்டும் என்பவர்கள் கீழேயே டயர் பார்த்துவிட்டுப் போகலாம்.

“தெரியாதுங்கண்ணா,” என்றாள் சமீரா.

சென்னிமலைக்குச் சுருக்கென்றது. மடித்து வைத்திருந்த தாளை விரித்தார். ஒன்பது ஹோஸ்டிங் கம்பெனிகளின் பெயர்கள். வலைப்பதிவை வைத்துக்கொள்ள இணையத்தில் இடம் வாடகைக்குத் தருகிறவர்கள். எவ்வளவு இடம், எவ்வளவு வேகம், ஒரே நேரத்தில் எத்தனை ஆயிரம் பேர் வந்தாலும் தாங்கும் என்று ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டிருந்தார்.

“உங்க பதிவுக்கு எத்தனை பேர் வருவாங்க?”

“பதினொரு பேருங்க.”

சமீரா சிரிக்கவில்லை. அதற்காகவே அவளை டீச்சர் என்று கூப்பிடலாம்.

விஷயம் இதுதான். அவர் மகள் தாமரைக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. மூன்று வயதில் கருவி வைத்தார்கள். பேச்சு தானாக வரவில்லை. ‘தண்ணி’ என்ற ஒரு வார்த்தைக்கே நாலு மாதம் மல்லுக்கட்டினார்கள். எப்படி வந்தது என்பதை, லோடு இறங்கக் காத்திருக்கும் நேரங்களில் போனில் எழுதினார். ஒரு வார்த்தைக்கு ஒரு பதிவு. ஓர் இலவசத் தளத்தில் நாற்பத்தொரு பதிவுகள்.

தாமரை இப்போது எட்டாம் வகுப்பில் வாயாடி என்று பெயர் வாங்குகிறாள். ஆனால் அந்த இலவசத் தளத்தை மூடிவிட்டார்கள். மூடப்போகிறோம் என்று மெயில் வந்தபோது அவர் கவுகாத்தி ரோட்டில் இருந்தார்.

“நகல் வெச்சிருக்கீங்களா?”

“நேரா தளத்துல எழுதற கட்டத்துலயே அடிச்சுட்டனுங்க. எனக்கே பாதி மறந்துபோச்சு. போன வாரம் யாரோ சொன்னாங்கன்னு ஒருத்தர் போன் பண்ணி, ‘தண்ணி’ பத்தி எழுதினது எங்கன்னு கேக்கறார். அவர் பையனுக்கு இப்பத்தான் கருவி வெச்சிருக்காங்களாம். என்ன சொல்றதுன்னு தெரியாம போனை வெச்சுட்டேன்.”

சமீரா தாளை இழுத்து, ஓரத்தில் இன்னொரு கோடு போட்டு எழுதினாள்: நான் காலி பண்ணும்போது என் எழுத்தை எப்படி எடுத்துப்போவது?

“இதை ஒன்பது பேர்கிட்டயும் கேளுங்க.”

“குடிபோறதுக்கு முன்னாலயே காலி பண்றதைப் பேசறதுங்களா? அபசகுனமுங்க.”

“கேளுங்கண்ணா. அப்பறம் அந்தப் பதினொரு பேருக்கும் எழுதுங்க.”

“அவங்களுக்கு எதுக்குங்க? நான் இடம் பாக்க வந்தேன்.”

“அவங்க கருத்து எழுதினப்ப உங்களுக்கு மெயில் வந்திருக்கும். அதுல முகவரி இருக்கும். எழுதுங்க.”

வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போய்விட்டாள். சென்னிமலை முணுமுணுத்துக்கொண்டே படி இறங்கினார்.

பன்னிரண்டாம் நாள் திரும்பி வந்தார். கையில் ஒரு துணிப்பை.

“ஏழு பேர், ‘நீங்க எதுக்கு சார் போகப்போறீங்க’ன்னு சிரிச்சாங்க. ஒருத்தன் பாட்டுப் போட்டுட்டுப் போனவன், திரும்பி வரவே இல்ல. ஒரு பொண்ணு மட்டும், ‘இந்தப் பட்டனை அமுத்துங்க, மொத்தமும் உங்க கம்ப்யூட்டருக்கு வந்துரும்’னு சொல்லுச்சு.”

“அப்ப எடம் கெடச்சுருச்சு.”

“அது கெடக்கட்டுமுங்க. இதைப் பாருங்க.”

பையிலிருந்து எடுத்து வைத்தார். தேனியிலிருந்து ஒருவர் அச்செடுத்து ஃபைல் போட்டிருந்த பதினாறு பதிவுகள். இன்னொருவர் போனில் படம் பிடித்து வைத்திருந்த ஒன்பது. அப்புறம் ஒரு கோடு போட்ட நோட்டு.

நோட்டு காரைக்காலிலிருந்து தபாலில் வந்தது. மெர்சி என்று ஓர் அம்மா. வீட்டில் ஒரே போன். அதுவும் கணவரோடு கடலுக்குப் போய்விடும். கணவர் கரையில் இருக்கும் நாட்களில் அந்த அம்மா பார்த்துப் பார்த்துக் கையாலேயே எழுதியிருந்தார். நாற்பத்தொன்றும் இருந்தன.

ஒவ்வொன்றின் அடியிலும் சிவப்பு மையில் ஒரு வரி.

‘தண்ணி: எங்கள் ஜெரோம் சொன்னது மார்ச் 9. சொல்லவைக்க ஆறு மாதம் ஆயிற்று.’

‘பூனை: இரண்டே நாள்! பூனையும் கூட இருந்தது.’

‘பஸ்: ப மட்டும் வருகிறது. விட மாட்டேன்.’

சென்னிமலை துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். வெட்கப்படவில்லை.

“முகம் தெரியாதவங்க, டீச்சர். எனக்காக எழுதி வெச்ச மாதிரி இருக்குதுங்க. ‘தண்ணி’யைப் போட்டோ எடுத்து நேத்தே அந்தத் தகப்பனாருக்கு அனுப்பிட்டேன். அவரும் அழறார், நானும் அழறேன். எத்தனை பேருக்குக் கையெடுத்துக் கும்பிடறது?”

சமீரா நின்றபடியே நோட்டைப் படித்தாள். டீ ஆறிப்போயிற்று. பிறகு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, பட்டனைப் பற்றிச் சொன்ன பெண்ணின் கம்பெனியைத் திறந்தாள்.

“எந்த பிளான் போடட்டுங்கண்ணா? பெரிசா?”

“சின்னதே போதுமுங்க.”

விரல்கள் தட்டிக்கொண்டே போயின. சென்னிமலை சிவப்பு மை வரிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இந்தத் தளத்துக்கு ரெண்டாவது சாவி ஒண்ணு போட முடியுங்களா, டீச்சர்?”

“யாருக்குங்கண்ணா?”

“அந்தம்மாவுக்குங்க. பையனுக்கு ‘பஸ்’ வர்ற அன்னிக்கு அவங்களே எழுதட்டும்.”