சாம்பல் பூதமும் சாயக்காரியும்

கழுதைகள்கூட வாய் திறந்து பேசிய அந்தக் காலத்தில், மாங்குயில்நாடு என்றொரு ராஜ்யம் இருந்தது. அங்கே அரண்மனையில் ஏற்றும் கொடிகளுக்குச் சாயத்தில் நூல் நனைப்பவள் சாயக்காரி குமுதவல்லி.

ஒருநாள் விடிந்தபோது அவளுக்கு எல்லாம் சாம்பலாகத் தெரிந்தது. வானம் சாம்பல், வாழையிலை சாம்பல், கொதிக்கிற சாயப்பானையும் சாம்பல். வைத்தியர்கள் விளக்கைப் பிடித்துப் பார்த்து, கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று போய்விட்டார்கள். குறை கண்ணில் இருந்தால்தானே? அவள் நெஞ்சின்மேல் ஒரு பூதம் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தது. அவளைத் தவிர யாருக்கும் அது தெரியவில்லை. அது உட்கார்ந்துவிட்டால் எழுந்திருக்கத் தோன்றாது, தலைவாரத் தோன்றாது, சாப்பிடவும் தோன்றாது. ஊரார் அவளைச் சோம்பேறி என்றார்கள். அப்படிச் சொன்ன வாய்க்குச் சர்க்கரையா போடுவது?

"'எல்லாம் ஒண்ணுதான்'னு மூணு தடவை சொல்லு. அப்புறம் உன் கண்ணு எனக்கு. நீ எதையும் பார்க்க வேண்டாம், படுத்தே கிடக்கலாம்" என்றது பூதம்.

அவளுக்கு இருந்த அலுப்பில் அது நல்ல யோசனையாகவே பட்டது. சோறா கூழா என்று மாமியார் கேட்டபோது, எல்லாம் ஒண்ணுதான் என்றாள். விடிந்துவிட்டதே, எழுந்திருக்கவில்லையா என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டபோது, பகலும் ராவும் எல்லாம் ஒண்ணுதான் என்றாள். பூதம் நாக்கைச் சப்புக்கொட்டியது.

அப்போது அவள் புருஷன் மருதப்பன், சாயம் ஏற்றிச் சுற்றிக் கட்டிய இரண்டு நூல்சிட்டங்களோடு வந்தான். பிறந்ததிலிருந்தே அவனுக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. கல்யாணமான நாள்முதல் அவளைத்தான் கேட்பான்.

"இதுல எது சிவப்பு, குமுதம்?"

"எல்லாம்..." என்று ஆரம்பித்தாள். பூதம் ஆசையாகக் குனிந்தது.

அவன் சிட்டங்களை அவள் மடியில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான். அவசரப்படுத்தவில்லை, எழுந்து போகவும் இல்லை. அவள் வேறு வழியில்லாமல் ஒன்றை எடுத்து முகர்ந்தாள். அவுரி நாற்றம் அடித்தது. மஞ்சள் நூலை நீலச் சாயமான அவுரியில் முக்கினால்தான் பச்சை. மற்றதில் சிவப்புக்குப் போடும் சாயவேர் வாசம்.

"இது வேற," என்றாள் மெல்ல. "அது வேற. அதுதான் சிவப்பு."

பூதம் ஒரு சுற்று இளைத்தது. மறுநாளும் அவன் வந்து கேட்டான், அவள் முகர்ந்து சொன்னாள். அதற்கடுத்த நாளும் கேட்டான். இளைத்து இளைத்து, ஒரு மத்தியானம் பூதம் இல்லாமலே போயிற்று. நிறங்கள் ஓடி வந்துவிடவில்லை. முதலில் மஞ்சள், பிறகு பச்சை, கடைசியாகத்தான் சிவப்பு வந்தது. அவள் சாயமிட்ட நூலில் அரண்மனைக் கொடி ஏறியது, ராஜா பட்டுச்சேலை கொடுத்து அனுப்பினார்.

அன்றைக்குத்தான் பச்சைச் சிட்டங்களின் நுனியில் சின்னச் சின்ன முடிச்சுகளைப் பார்த்தாள். அவள் படுத்த பிறகு தானே நூலை முக்கி, பானையிலிருந்து எடுக்கும்போதே மருதப்பன் போட்டுவைத்தவை.

"அடையாளம் வச்சிருக்கீங்களே. அப்புறம் எதுக்குத் தினமும் என்னைக் கேட்டீங்க?"

"நீ ஏதாவது பேசுவியேன்னுதான்" என்றான் அவன்.