கொம்புப்பாறையில் ஏறிய தும்பை

இலுப்பைக் காட்டில் ஒரு புள்ளிமான் கூட்டம் வாழ்ந்து வந்தது. ஆண்மான்கள் அறுபது. பெண்மான்கள் நூற்றுக்கும் மேல்.

காட்டின் நடுவே யானை முதுகைப் போல ஒரு பெரிய பாறை இருந்தது. அதற்குக் கொம்புப்பாறை என்று பெயர். எந்தப் புல்வெளியில் மேய்வது, கோடையில் எந்த வழியாகத் தண்ணீருக்குப் போவது, தப்பு செய்தவருக்கு என்ன தண்டனை, எல்லாம் அந்தப் பாறையின் மேல் கூடும் சபையில்தான் முடிவாகும். சம்மதம் என்றால் முன்காலால் பாறையைத் தட்டுவார்கள். தட்டலை எண்ணித் தீர்ப்புச் சொல்வார்கள்.

கொம்பு உள்ளவர்கள் மட்டுமே பாறையில் ஏறலாம். கொம்பு இல்லாதவர் ஏதாவது சொல்ல நினைத்தால், கொம்புள்ள ஒருவர் அவருக்காகப் பேச வேண்டும். அதுதான் சட்டம். அதை யார் போட்டது, எப்போது போட்டது என்று யாருக்கும் தெரியாது.

பெண்மான்களுக்குக் கொம்பு முளைப்பதே இல்லை.

அந்தக் கூட்டத்தில் தும்பை என்றொரு பெண்மான் இருந்தாள். அவளுடைய துணையை முந்தைய மழைக்காலத்தில் வெள்ளம் கொண்டுபோய்விட்டது. மிஞ்சியது ஒரே ஒரு பெண்குட்டி.

அந்த வருடம் கோடை முன்னதாகவே வந்தது. ஓடைகள் வறண்டன. மலைக்கு அப்பால் இருந்த மடுவில் மட்டும்தான் தண்ணீர். இடுக்குப் பள்ளம் வழியாகப் போனால் அரை நாள் நடை. மூங்கில் காட்டைச் சுற்றிப் போனால் ஒரு நாள்.

சபை கூடும் நாளன்று காலையில் தும்பை பள்ளத்தின் அருகே மேய்ந்துகொண்டிருந்தாள். மணலில் கால்தடங்கள் தெரிந்தன. குனிந்து மோந்து பார்த்தாள். செந்நாய்கள்! ஒன்றிரண்டு அல்ல, ஒரு கூட்டமே உள்ளே போயிருந்தது.

தும்பை மூச்சிரைக்கப் பாறைக்கு ஓடினாள். அடிவாரத்தில் நின்று கத்தினாள்.

"பள்ளத்தில் செந்நாய் இருக்கிறது! அந்த வழியாகப் போகாதீர்கள்!"

பாறையின் உச்சியில் சபைத் தலைவர் ஆறுகிளையார் நின்றிருந்தார். அவருடைய கொம்புகளில் ஆறு கிளைகள். அந்தக் காட்டில் அதைவிடப் பெரிய கொம்பு கிடையாது.

"கீழே என்ன சத்தம்?" என்றார்.

"பெண்மான் ஒருத்தி கத்துகிறாள் ஐயா!"

"அவளுக்காகப் பேச யாராவது இருக்கிறீர்களா?"

ஒருவரும் முன்வரவில்லை. பாறை விளிம்பில் நின்ற கிழிகாதன் என்ற ஆண்மான் மட்டும் குனிந்து தும்பையைப் பார்த்தான். அவள் கண்களும் அவன் கண்களும் சந்தித்தன. பிறகு அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"பேச ஆள் இல்லை என்றால் பேச்சும் இல்லை!" என்றார் ஆறுகிளையார். "பள்ளம் வழியாகவே போகிறோம். தட்டுங்கள்!"

அறுபது குளம்புகள் தட்டின.

மான்கள் புறப்பட்டன. தும்பை தன் குட்டியை நெஞ்சோடு ஒட்டி நடத்திக்கொண்டு போனாள். வேறு என்ன செய்வாள்? கூட்டத்தை விட்டுத் தனியே நிற்கும் மானுக்குக் காட்டில் உயிர் நிலைக்காது.

பள்ளத்தின் பாதி வழியில் செந்நாய்கள் இரண்டு பக்கமிருந்தும் இறங்கின. அரை நாழிகைகூட ஆகவில்லை. ஏழு குட்டிகள் போயின. அவற்றில் ஒன்று தும்பையின் குட்டி. இன்னொன்று கிழிகாதனின் குட்டி.

மூன்றாம் நாள் சபை கூடி விசாரித்தது. தும்பை கீழே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். தீர்ப்பு வந்தது.

"ஆபத்து இருப்பதாக எவரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. ஆகையால் எவர் மேலும் குற்றம் இல்லை!"

குட்டி போன அன்றுகூடத் தும்பைக்கு இவ்வளவு கோபம் வரவில்லை. நான் சொன்னேனே! தொண்டை வற்றக் கத்தினேனே! அது சொன்னதாகவே ஆகவில்லையா?

அவள் பாறையில் ஏறினாள்.

"நான் சொன்னேன்!" என்றாள்.

இரண்டு இளம் ஆண்மான்கள் அவளை முட்டிக் கீழே தள்ளினார்கள். மான்களுக்குத் தேவையான உப்புமண்ணை அடுத்த மழை வரும்வரை நக்கக் கூடாது என்று அவளுக்குத் தண்டனை விதித்தார்கள்.

அன்றுமுதல் சபை கூடும்போதெல்லாம் தும்பை பாறையின் அடியில் வந்து நின்றாள். கத்தவில்லை. தலையை நிமிர்த்தி மேலே பார்த்தபடி நின்றாள். வெயில் ஏறும். கால் கடுக்கும். சபை கலையும்வரை நகரமாட்டாள்.

முதலில் ஆண்மான்கள் சிரித்தார்கள். அப்புறம் அவள் மேல் மண்ணை வாரி இறைத்தார்கள். அதற்கும் அவள் நகரவில்லை.

நான்காவது சபையன்று அவள் பக்கத்தில் வந்து நின்றாள் கோரை. அவள் ஒன்பது குட்டி ஈன்றவள். ஒரு கண்ணில் பார்வை மங்கியவள்.

"நீ ஏன் வந்தாய் அக்கா?" என்று தும்பை கேட்டாள்.

"நான் பெற்றது ஒன்பது. அவற்றை எங்கே மேய்ப்பது என்று ஒருநாள்கூட என்னிடம் யாரும் கேட்டதில்லை. நீ நிற்பதைப் பார்த்த பிறகுதான் அது எனக்கு உறைத்தது!"

பிறகு நான்கு பேர் வந்தார்கள். பிறகு பன்னிரண்டு பேர். எல்லாப் பெண்மான்களும் வந்துவிடவில்லை. தும்பையின் அண்ணியே வந்து சண்டை போட்டாள்.

"நமக்கு எதற்கு இந்த வம்பு? உனக்காக உன் அண்ணன் பேசமாட்டாரா?"

"அண்ணன் அன்றைக்குப் பாறை மேல்தான் இருந்தார், அண்ணி. என் குரல் அவருக்கும் கேட்டிருக்கும். பேசினாரா?"

அண்ணி திரும்பிப் போய்விட்டாள்.

இளம் பெண்மான்கள் சிலருக்கு ஒரு யோசனை தோன்றியது. காய்ந்த கிளைகளைத் தலையில் கொடியால் கட்டிக்கொண்டு வந்தார்கள். "இப்போது எங்களுக்கும் கொம்பு! ஏறலாம் அல்லவா?" என்றார்கள்.

தும்பை மறுத்துத் தலையசைத்தாள். "வேண்டாம். இதோடு ஏறினால் இந்தக் கிளைகள்தான் ஏறியதாகும். நாம் நாமாகவே ஏற வேண்டும்!"

மழைக்காலம் வந்து போனது. ஆண்மான்களின் கொம்புகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. வருடந்தோறும் நடப்பதுதான். பழைய கொம்பு விழும், சில மாதத்தில் புதிது முளைக்கும். ஆறுகிளையாரின் பெரிய கொம்புகளும் விழுந்தன. மொட்டைத் தலையோடு அவர் பாறை உச்சியில் நின்று பேசினார்.

தும்பை கீழேயிருந்து கேட்டாள்.

"ஐயா! கொம்பில்லாதவர் பேசக் கூடாது என்பதுதானே சட்டம்? இன்று உங்களுக்குக் கொம்பு எங்கே?"

ஆறுகிளையார் மொட்டைத் தலையை நிமிர்த்தினார்.

"எனக்கு மறுபடி முளைக்கும்!"

"முளைக்கும்வரை கீழே இறங்கி எங்களோடு நில்லுங்கள். முளைத்தபின் ஏறுங்கள்!"

பெண்மான்கள் மகிழ்ந்தார்கள். இனி மறுக்க முடியாது, வென்றுவிட்டோம் என்று நினைத்தார்கள். ஆனால் ஆண்மான்கள் பாறையில் கூடிப் பேசினார்கள். உடனே சட்டத்தைத் திருத்தினார்கள். 'கொம்பு உள்ளவரும், கொம்பு இருந்தவரும் ஏறலாம்' என்று குளம்பு தட்டினார்கள். வேலை முடிந்தது!

"பார்த்தாயா அக்கா?" என்றாள் தும்பை. "நியாயத்தைச் சொன்னால் சட்டத்தையே மாற்றிவிடுகிறார்கள்!"

"மாற்ற முடியும் என்று அவர்களே காட்டிவிட்டார்களே!" என்றாள் கோரை. "மாற்ற முடிந்ததை நமக்காகவும் மாற்றலாம். வா, கேட்போம்."

அடுத்த சபையன்று நாற்பது பெண்மான்கள் ஒன்றாகப் பாறையில் ஏறத் தொடங்கினார்கள். கோரை முன்னால் போனாள். கொம்பு உதிராத இளம் ஆண்மான்கள் வரிசையாக நின்று தடுத்தார்கள். தள்ளுமுள்ளு ஏற்பட்டது. ஒரு கொம்பு கோரையின் விலாவில் பாய்ந்தது. மங்கிய கண் இருந்த பக்கம். அவள் அதைப் பார்க்கவே இல்லை. பாறைச் சரிவில் உருண்டு விழுந்தாள்.

இரண்டு நாள் உயிரோடு கிடந்தாள். தும்பை அவள் காயத்தை நக்கிக்கொண்டே இருந்தாள்.

"உன்னை நான்தான் இதில் இழுத்துவிட்டேன், அக்கா!"

"நீயா இழுத்தாய்? என் காலால் நானே நடந்து வந்தேன்!" என்றாள் கோரை. "அதையாவது என்னுடையதாக இருக்கவிடு."

அதுதான் அவள் கடைசிப் பேச்சு.

கோரை இறந்த மறுநாள் பாறையடியில் எண்பது பெண்மான்கள் நின்றார்கள். தும்பையின் அண்ணியும் வந்திருந்தாள். தும்பையை உரசி நின்றுகொண்டாள்.

மறுபடியும் கோடை வந்தது. மறுபடியும் ஓடைகள் வறண்டன. சபை மறுபடியும் பள்ளத்து வழியையே முடிவு செய்தது. "போன வருடம் நடந்தது ஒரு விபத்து. புறப்படுங்கள்!" என்றார் ஆறுகிளையார்.

ஆண்மான்கள் நடந்தார்கள். பள்ளத்தின் வாய்க்குப் போய்த் திரும்பிப் பார்த்தார்கள். பின்னால் ஒருவரும் இல்லை.

பெண்மான்கள் குட்டிகளோடு பாறையைச் சுற்றிப் படுத்திருந்தார்கள்.

ஆறுகிளையார் ஆண்மான்களோடு திரும்பி வந்தார். "என்ன இது?"

தும்பை எழுந்து நின்றாள். "எங்களைக் கேட்காமல் செய்த முடிவுக்கு எங்கள் கால்கள் நடக்காது!"

"குட்டிகள் தாகத்தில் செத்தால் அந்தப் பழி உன்னுடையது!"

தாகம் எப்படிப்பட்டது என்று தும்பைக்குத் தெரியாதா? ஆனாலும் உட்கார்ந்தாள். விடியலில் இலைகளில் பூத்த பனியைத் தாய்மான்கள் குட்டிகளுக்கு விட்டுவிட்டார்கள். தாங்கள் ஒரு துளியும் தொடவில்லை. இரண்டு நாள் கழிந்தது. ஒரு குட்டி நிற்க முடியாமல் மடங்கி விழுந்தது. அதன் தாய் தும்பையைப் பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாங்குவது எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது.

"எழுந்து போய்விடலாமா?" என்று தும்பை மெல்லக் கேட்டாள்.

"போன வருடம் என் மூத்ததைப் பள்ளத்தில் விட்டேன்," என்றாள் அந்தத் தாய். "இதையும் அங்கே கொண்டுபோகமாட்டேன். உட்கார்!"

மூன்றாம் நாள் காலையில் கிழிகாதன் பாறையின் நடுவுக்கு வந்தான்.

"ஐயா, ஒன்று சொல்ல வேண்டும். போன வருடம் எவரும் எச்சரிக்கவில்லை என்று தீர்ப்புச் சொன்னோம். அது பொய்! தும்பை எச்சரித்தாள். என் காதால் கேட்டேன். அவளுக்காகப் பேசினால் சிரிப்பார்களே என்று வெட்கப்பட்டேன். அந்த வெட்கத்துக்கு என் குட்டியைக் கொடுத்தேன்!"

"எனக்கும் கேட்டது," என்றது இன்னொரு குரல். அது தும்பையின் அண்ணன்.

"எனக்கும்."

இனிச் சபையைக் கேட்காமல் முடியாது என்று ஆறுகிளையாருக்குப் புரிந்தது. பிறகு, "கொம்புச் சட்டம் வேண்டாம் என்பவர்கள் தட்டுங்கள்," என்றார். எண்ணினார்கள். முப்பத்திரண்டு தட்டல்கள். வேண்டும் என்று தட்டியவை இருபத்தெட்டு. ஆறுகிளையார் தட்டியது அந்த இருபத்தெட்டில் ஒன்று. என்றாலும் அவரே பாறை விளிம்புக்கு வந்து, "ஏறி வாருங்கள்," என்றார்.

தும்பை ஏறினாள். அவள் பின்னால் மற்றவர்கள் ஏறினார்கள். அந்தப் பாறை அவ்வளவு கூட்டத்தை அதுவரை கண்டதில்லை.

பேச நேரம் இல்லை. குட்டிகளுக்குத் தண்ணீர் வேண்டும். "மூங்கில் காட்டைச் சுற்றிப் போகலாம்!" என்றாள் தும்பை.

"வேண்டாம்!" என்றாள் இலந்தை என்ற இளம் பெண்மான். "அங்கே யானைக் கூட்டம் கன்றுகளோடு நிற்கிறது. நேற்று நான் பார்த்தேன். காய்ந்த ஆற்றுப்படுகையில் இறங்கி நடப்போம். பள்ளத்தைவிடத் தூரம் சற்று அதிகம், ஆனால் ஆபத்து இல்லை."

குளம்புகள் தட்டின. எண்ணினார்கள். இலந்தையின் பக்கம் நூற்றுப் பத்து. தும்பையின் பக்கம் ஐம்பத்திரண்டு.

தும்பை தோற்றுவிட்டாள். அவளுக்கு அதில் வருத்தம் இல்லை. அந்த ஐம்பத்திரண்டில் தன் குளம்பின் சத்தமும் ஒன்று என்று அவளுக்குத் தெரியும். விழுந்து கிடந்த குட்டியைத் தலையால் முட்டி எழுப்பி, அதன் தாயோடு சேர்ந்து ஆற்றுப்படுகையை நோக்கி நடந்தாள். மாலைக்குள் எல்லோரும் மடுவில் வாய் வைத்தார்கள். வழியில் ஒரு குட்டிகூடக் குறையவில்லை.

நீதி: ஒரு சட்டம் யாரையெல்லாம் கட்டுப்படுத்துகிறதோ அவர்கள் அனைவருக்கும் அதை இயற்றும் உரிமை உண்டு, அந்த உரிமை மறுக்கப்பட்டால், கிடைக்கும்வரை பின்வாங்காமல் கேட்டு நிற்க வேண்டும்.