குமரன்துறையில் மூட்டைக்குக் காவலிருந்த ஆவுடைத்தங்கம்

தாமிரபரணிக் கரையில், வாழைத்தோட்டங்களுக்கு நடுவே உள்ள மேலப்புதுக்குளம் என்னும் ஊரில், இலைக்கடை ஒன்றில் இலை துடைத்து அடுக்கும் வேலை செய்துவந்தவர் ஆவுடைத்தங்கம் அம்மையார். ஐப்பசி பிறந்து அடைமழை பிடித்துக்கொண்டால், தோட்டத்திலிருந்து வரும் இலையெல்லாம் சேறும் நத்தையுமாகத்தான் வந்து இறங்கும். அம்மையார் ஈரச்சாக்கின் மேல் அமர்ந்து, ஒவ்வோர் இலையையும் துணியால் துடைத்து, காற்றில் கிழிந்ததைத் தனியே ஒதுக்கி, முழு இலையைச் சுருட்டிக் கட்டுவார். கையும் ஓயாது, வாயும் ஓயாது. ஓர் இலைக்கு ஒரு 'முருகா' என்பது அவர் கணக்கு. "ஆச்சி தொடச்ச இலையில கஞ்சி ஊத்தினாலும் பிரசாதந்தான்" என்று கடையில் உள்ளவர்கள் கேலி பேசுவார்கள். அவர் அதை வாழ்த்தாகவே எடுத்துக்கொண்டு சிரிப்பார்.

வீட்டில் அவருக்கு மகன் உண்டு, மருமகள் பேச்சித்தாய் உண்டு, தூத்துக்குடியில் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் பேத்தி செண்பகம் உண்டு. தீபாவளிக்கு முந்தின இரண்டு நாளும் இலைக்கடை வேலையை முடித்துவிட்டு வந்து, முறுக்குச் சுற்றி, அதிரசம் தட்டி, எல்லாருக்கும் எடுத்து வைப்பார். தீபாவளி கழிந்து கந்த சஷ்டி தொடங்கியதும் ஒரு பொழுது பாலும் பழமுமாக விரதம் ஏற்றுக்கொண்டு, துணிப்பையில் மாற்றுச் சேலையும் ஒரு போர்வையும் வைத்துக்கொண்டு குமரன்துறைக்குப் பஸ் ஏறிவிடுவார். அது கடலோரத்து முருகன் தலம். சஷ்டியின் ஆறு நாளும் அங்கே எள் போட்டால் கீழே விழாத கூட்டம்.

அங்கே அவர் செய்த தொண்டைக் கேட்டால் யாருக்கும் சிரிப்புத்தான் வரும். கடலுக்கு இறங்கும் படிக்கட்டின் அருகே ஒரு பூவரச மரத்தடியில் உட்கார்ந்து, நீராடப் போகிறவர்களின் மூட்டை முடிச்சுகளுக்குக் காவல் இருப்பார். அவ்வளவுதான். அதற்காக ஒருவரிடமும் எதுவும் வாங்கமாட்டார்.

கணவர் இறந்த அடுத்த ஆண்டு அவர் முதன்முதலாகச் சஷ்டிக்கு வந்தபோது, நேர்ந்துகொண்டபடி சேர்ந்து நீராட வந்த ஒரு புருஷனும் பெண்டாட்டியும், பையை யாரிடம் விடுவது என்று தெரியாமல் ஆளுக்கொரு முறையாகப் போய்வரலாமா என்று கலங்கி நின்றதைப் பார்த்தார். "ரெண்டு பேரும் போங்க, நான் பாத்துக்கிடுதேன்" என்றார். அவர்கள் தலை நனைந்து, முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பி வந்து மாற்றுத்துணியை வாங்கிக்கொண்டபோது, 'எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது' என்று தோன்றியதாம். அன்று உட்கார்ந்தவர்தான்.

இந்தத் தொண்டில் ஒரு குறை இருந்தது. ஆறாம் நாள் மாலையில் முருகப்பெருமான் கடற்கரைக்கு எழுந்தருளி, சூரபத்மனை வேலால் வீழ்த்துவார். அந்தச் சூரசம்ஹாரத்தைக் காணத்தான் அத்தனை கூட்டமும் வருகிறது. அன்றைக்குத்தான் மூட்டைகளும் மலையாகக் குவியும். பூவரச மரத்துக்கும் கடற்கரைக்கும் நடுவே கோயிலின் நெடுஞ்சுவர். அம்மையார் முரசொலியைக் கேட்பார். ஜனங்கள் 'அரோகரா' என்று ஆர்ப்பரிப்பதைக் கேட்பார். இருந்த இடத்திலிருந்தே கை கூப்புவார். ஒரு முறைகூடக் கண்ணால் கண்டதில்லை.

பேச்சித்தாய்க்கு இது பொறுக்காது. "ஊர்ல உள்ளவுகல்லாம் சாமி பாக்கப் போறாவ. எங்க அத்தை ஊரான் செருப்புக்குக் காவலிருக்கப் போறாவ" என்று தெருவெல்லாம் சொல்லிவைப்பாள். அதில் கோபம் பாதி, பயம் பாதி. பயத்துக்குக் காரணம் இருந்தது. ஓர் ஆண்டு, வெளியூர்க்காரர் ஒருவர் தம் பையில் இருந்த செல்போனைக் காணவில்லை என்று அம்மையாரைத் திருடி என்றார். காவலர் அவரைக் கொண்டுபோய் மழையில் ஒரு கூடாரத்தில் உட்கார வைத்தனர். பிற்பாடு போன் அவர்கள் வந்த வேனிலேயே கிடந்தது. அந்த மனிதர் ஒரு வார்த்தையும் சொல்லாமல் போய்விட்டார். அம்மையார் சேலையைப் பிழிந்து உதறிக்கொண்டு நேரே பூவரச மரத்தடிக்கு வந்து, "யாரு மூட்டைல்லாம் இருக்கு, கொண்டாங்க" என்று உட்கார்ந்தார். மனம் நோகவில்லையா என்றால், நொந்தது. அழுதுகொண்டேதான் உட்கார்ந்தார்.

இப்படி ஆண்டுகள் போக, அவருக்குக் கண் மங்கத் தொடங்கியது. கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு பட்டுப்போய்க்கொண்டிருக்கிறது, அடுத்த ஐப்பசிக்குப் பார்வை இருக்குமென்று சொல்ல முடியாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். பக்கவாட்டில் ஒன்றும் தெரியாது. நேரே நடுவில் மட்டும் ஒரு சிறு வட்டம் தெளிவாக இருந்தது. இலைக்கடையில் அதைக்கொண்டே சமாளித்தார். மருத்துவரைப் பார்த்து வந்த அன்று இரவு, ஊருக்கு வந்திருந்த பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டார்:

"ஏட்டி செண்பகம், இத்தன வருசமா சத்தத்தத்தான் கேட்டேன். கண்ணு போறதுக்குள்ள ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, அவன் வேல் எடுக்கதப் பாத்துரணும் தாயி."

செண்பகம் உருகிப்போனாள். தன் கடையில் வேலை செய்யும் தோழியின் உறவினர் வீடு குமரன்துறைக் கடற்கரையைப் பார்த்தாற்போல் இருந்தது. அதன் மொட்டை மாடியில் ஆச்சிக்கு ஓர் இடம் சொல்லிவைத்தாள். ஆறாம் நாள் தானே விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தாள்.

அன்று அம்மையார் காலையிலிருந்தே வந்தவர்களிடம், "மத்தியானத்துக்குள்ள வந்து எடுத்துக்கிடணும், சொல்லிட்டேன். இன்னைக்கு நானும் சாமி பாக்கப் போறேன்" என்று குழந்தைபோலச் சொல்லிக்கொண்டிருந்தார். சொன்னபடியே எல்லாரும் வந்து எடுத்துக்கொண்டார்கள். கடைசி மூட்டையும் போனதும் மரத்தடியைக் கையால் தடவிப் பார்த்து, ஒன்றும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு எழுந்தார். செண்பகம் தண்ணீர் வாங்கிவர எதிர்க்கடைக்குப் போயிருந்தாள்.

அப்போது ஓர் இளைஞன் வேகமாக வந்தான். இடுப்பில் வரிந்து கட்டிய வேட்டி. கையில் வெள்ளைத்துணியில் பொதிந்த ஒரு சிறு மூட்டை.

"ஆச்சி, இத கொஞ்சம் பாத்துக்கிடுங்க. கடக்கரையில ஒரு சோலி இருக்கு, முடிச்சிட்டு வந்துருதேன்."

"எந்த ஊருய்யா நீ?" என்றார் அம்மையார்.

"இந்த ஊருதான்."

"உள்ளூர்க்காரனுக்கு மூட்டை வைக்க வீடில்லாமப் போச்சாக்கும்?"

"வீட்ல இன்னைக்கு ஒரே கூட்டம் ஆச்சி. ஒரு சாமான் வைக்க எடமில்ல" என்று சிரித்தவன், மூட்டையை அவர் மடியில் வைத்துவிட்டு, அவர் மறுத்துச் சொல்லுமுன் கூட்டத்தில் கலந்துவிட்டான்.

செண்பகம் வந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "கயிறு கட்டி வழிய மறிக்கப் போறாவ ஆச்சி. அதுக்கப்புறம் அந்தப் பக்கம் ஈ காக்கா நுழைய முடியாது. இத போலீஸ் பந்தல்ல குடுத்துட்டு வா."

"எங்கிட்டல்லா குடுத்துட்டுப் போனான்."

"அப்ப நான் இருக்கேன். நீ போ."

"நீ அவன் மொகத்தப் பாத்தியா? யாரு வந்து என்னுதுன்னு கேட்டாலும் தூக்கிக் குடுத்துருவ."

"ஆச்சி, அடுத்த வருசம் நீ நெனச்சாலும் பாக்க முடியாது!"

சொன்ன பிறகுதான் செண்பகத்துக்குத் தான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. அம்மையார் மடியில் இருந்த மூட்டையைத் தடவிப் பார்த்தார். அவருக்கு மட்டும் அந்த ஆசை சிறிதா? கால் கடற்கரையை நோக்கி இழுத்தது. ஆனாலும், நம்பிக் கொடுத்த ஒருவன் திரும்பி வந்து வெறும் மரத்தடியைப் பார்த்து நிற்பதை நினைக்க அவரால் முடியவில்லை. "முருகா, நீ செய்யதச் செய்யி. நான் இங்கன இருக்கேன்" என்று சொல்லி, இருந்த இடத்திலேயே மறுபடியும் உட்கார்ந்தார். பேத்தி அழுதுகொண்டே பக்கத்தில் உட்கார்ந்தாள்.

சுவருக்கு அப்பால் முரசு முழங்கியது. ஆனைமுக அசுரன் வீழ்ந்தபோது ஓர் ஆரவாரம், சிங்கமுகன் வீழ்ந்தபோது ஓர் ஆரவாரம். பிறகு கடலே எழுந்து வந்ததுபோல 'அரோகரா' என்று ஒரே குரல். அம்மையார் மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு கை கூப்பினார். கண்ணீர் நிற்கவில்லை. முடிந்துவிட்டது, இனி இல்லை.

கூட்டம் கலைந்து வரத் தொடங்கியதும் அந்த இளைஞன் வந்தான். மேலெல்லாம் வியர்வை, கால் முழுவதும் ஈர மணல், வலக்கை துவண்டு தொங்கியது. அம்மையாரின் முகத்தைப் பார்த்தான்.

"சூரசம்ஹாரம் பாக்கப் போகலியா ஆச்சி?"

"ஒம் மூட்டை இருக்கே ராசா." பிறகு ஆவல் தாங்காமல் கேட்டார்: "நீ பாத்தியா? எப்படி இருந்துச்சு?"

அவன் மணலில் அவருக்கு எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தான். அவருடைய பார்வையில் தெளிவாக இருந்த அந்தச் சிறு வட்டத்துக்குள் அவன் முகம் சரியாக வந்து நின்றது.

"எல்லாரும் வேலத்தான் பாத்தாவ ஆச்சி. அதுக்கு முன்னாலதான் விசயமே. வேல் கையவிட்டுப் போறதுக்கு முந்தி சாமியும் சூரனும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிடுதாவ. இப்பவாவது வந்துருன்னு சாமி கேக்காரு. அவன் மாட்டேங்கான். அந்த எடத்துலதான் கை வலிக்கும். அப்பறம் மாமரமாப் போயி ஒளிஞ்சான். கடலு மூச்சக்கூட விடல. பொளந்ததும் சேவலும் மயிலுமா வந்து காலுக்குள்ள ஒண்டிக்கிட்டான் பாருங்க, அப்பத்தான் சாமிக்கு மூச்சே வந்துச்சு. செயிச்சதுக்கா இந்தச் சந்தோசம்? பிள்ள வீடு வந்து சேந்துட்டாம்லா."

அவன் சொல்லச் சொல்ல, அம்மையார் கண்முன் கடல் விரிந்தது; மரம் நின்றது; வேல் போனது. மாடியில் நின்றவர்கள் யாரும் காணாததை அவர் கண்டார். "அம்புட்டுக் கிட்டவா நின்ன?" என்று வியந்தார்.

"ரொம்பக் கிட்ட" என்றான் அவன். எழுந்து, "கை ஓஞ்சுபோச்சு ஆச்சி. மூட்டைய கோயில் மண்டபம் வரைக்கும் நீங்களே கொண்டாங்க. நான் முன்ன போறேன்" என்று நடந்தான்.

பேத்தியைப் பிடித்துக்கொண்டு அம்மையார் பின்தொடர்ந்தார். மண்டப வாசலில் அவனைக் காணவில்லை. உள்ளே ஒரே பரபரப்பு. போர் முடிந்து வந்த பெருமானுக்கு நீராட்டு முடிந்துவிட்டது. உடுத்தவேண்டிய பச்சைப்பட்டைக் காணோம். பூட்டிய பெட்டி பூட்டியபடி இருக்க, பட்டு மட்டும் இல்லை. திரைக்குப் பின்னால் பட்டர் கையைப் பிசைந்துகொண்டிருந்தார். வாசலில் நின்ற பணியாளர் அம்மையார் கையில் இருந்த மூட்டையைப் பார்த்தார். வெள்ளைத்துணியின் ஓரத்தில் பச்சை தெரிந்தது.

"ஏ கெழவி! இத எங்கன எடுத்த?"

செண்பகம் நடுங்கிப்போனாள். அம்மையார் நடுங்கவில்லை. "எடுக்கல்லய்யா. பாத்துக்கிடச் சொல்லி ஒருத்தன் குடுத்தான். உள்ளூர்ப் பிள்ளதான். வீட்ல ஒரே கூட்டம், வைக்க எடமில்லன்னான். கடக்கரையில சோலியாம். இப்பத்தான் காலெல்லாம் மணலோட எனக்கு முன்னால வந்தான். உள்ள வரலியா?"

சத்தம் கேட்டுத் திரையை விலக்கி வெளியே வந்த பட்டர் அப்படியே நின்றுவிட்டார். பல்லக்கில் போய்ப் பல்லக்கில் திரும்பிய பெருமானின் திருவடிகளை நீராட்டும்போது, விரல்களுக்கிடையே ஈரக் கடல்மணல் இருந்ததை அவர் சற்றுமுன் தம் கையாலேயே கழுவிவிட்டிருந்தார். எப்படி வந்தது என்று விளங்காமல் யாரிடமும் சொல்லவில்லை. இப்போது அம்மையாரைப் பார்த்துக் கை கூப்பினார்.

"உள்ள வந்துட்டார் தாயே" என்றார். "அவர் வீட்டுல இன்னைக்குக் கூட்டந்தான். நீங்க வாங்க."

அவரைக் கைப்பிடித்து அழைத்துப்போய், எல்லாருக்கும் முன்னால் நிறுத்தினார். அந்தப் பச்சைப்பட்டை அம்மையாரே தம் கையால் எடுத்துக் கொடுத்தார். அலங்காரம் முடிந்து திரை விலகியது, தீபம் எழுந்தது. ஓரமெல்லாம் இருட்டாக இருந்த அவருடைய பார்வையில், நடுவே மட்டும் பெருமான் பச்சைப்பட்டில் நின்றான்.

"ஏட்டி, பாரு" என்று பேத்தியின் காதில் சொன்னார். "குளிச்சிட்டு வந்து மாத்துத்துணிய வாங்கும்போது எல்லாரும் சிரிப்பாவல்லா, அதே சிரிப்பு."

அடுத்த ஐப்பசிக்குள் அவர் பார்வை முழுவதும் போய்விட்டது. அவர் அதற்காக முருகனிடம் ஒரு வார்த்தை முறையிட்டதாக யாரும் கேட்டதில்லை. இலையைத் தடவிப் பார்த்தே துடைத்து அடுக்கினார். சஷ்டி வந்ததும் பேச்சித்தாய், தெருவில் யாரிடமும் ஒன்றும் சொல்லாமல், தானே அவரைக் குமரன்துறைக்கு அழைத்துவந்து பூவரச மரத்தடியில் உட்கார வைத்தாள். மூன்று உலகுக்கும் காவலாக வேல் தாங்கி நிற்பவன், தன் உடைக்கு ஒரு காவல் வேண்டியபோது தேடி வந்தது இந்த அம்மையாரிடம். அந்த நம்பிக்கைக்கு உரியவராக வாழ்ந்த ஆவுடைத்தங்கத்தின் அடிகளை நாமும் தலைமேல் கொள்வோம்.