டோரி இல்லாத சரித்திரம்

லண்டனில் விக் கட்சிக்கும் டோரி கட்சிக்கும் தீராப் பகை இருந்த காலம். நாட்டைக் காப்பாற்றியது தங்கள் கட்சிதான் என்று ஆளாளுக்குச் சரித்திரம் எழுதித் தள்ளினார்கள். விக் கட்சிக்காரரான ஹார்க்கம் பிரபுவும் ஒன்று எழுதினார். எழுதிவிட்டு, அச்சுக் கோர்க்கும் ஜெத்ரோவை அழைத்தார்.

"புத்தகத்தில் ஒரு டோரிப் பயல் தென்பட்டாலும் உன் வேலை போச்சு!"

"ஆகட்டும், பிரபு."

வெளியீட்டு விருந்துக்குப் புத்தகக் கட்டை ஜெத்ரோதான் சுமந்து வந்தான். பிரபு ஒன்றைப் பிரித்துக் கம்பீரமாக வாசித்தார்: "என் தாத்தா நாடாளுமன்றத்தில் எழுந்து, எதிரே இருந்த காலி பெஞ்சுகளைப் பார்த்து நாளெல்லாம் கர்ஜித்தார். பெஞ்சுகள் வாயடைத்துப் போயின."

விருந்தாளிகள் கொல்லென்று சிரித்தார்கள்.

"பெஞ்சில் இருந்தவர்கள் எங்கேடா?"

"டோரிகளாச்சே, பிரபு. எடுத்துவிட்டேன்."

பிரபு ஆத்திரத்தோடு முதல் பக்கத்தைப் புரட்டினார். எழுதியவர் பெயர் இருக்கவேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.

"என் பெயர் எங்கேடா?"

"உங்கள் அம்மா டோரி வீட்டுப் பெண். அவரை எடுத்ததும் நீங்கள் பிறக்கவே வழியில்லாமல் போய்விட்டது."

பிரபுவின் முகம் வெளிறியது. "அம்மாவை மட்டும் சேர்த்துவிடு!"

"தனியாகவா வருவார், பிரபு? பிறந்த வீட்டாரோடுதானே வருவார்!"

மறுபதிப்பில் எதிர் பெஞ்சுகள் நிரம்பி வழிந்தன.