வியாகுலத்துக்கு வேறு பேர்

வியாகுலத்துக்கு ஐம்பத்தெட்டு வயது. வியாகுல மாதா திருநாளன்று பிறந்தவள் என்பதால் வந்த பேர் அது. வியாகுலம் என்றால் துக்கம்தான். ஆனால் பெற்றவர்கள் ஆசையாக வைத்தார்கள். அந்தக் கடற்கரை ஊரில் அதே பேரில் இன்னும் மூன்று பேர் இருந்தார்கள், ஒரு குறையுமில்லாமல் இருந்தார்கள். இவளுக்குத்தான் கடலுக்குப் போன புருசன் கரை திரும்பவில்லை. மூன்றாம் வருசம் மூத்த மகன் மஞ்சள்காமாலையில் போய்விட்டான். மிச்சம் மகள் செலின் ஒருத்தி.

ஊர்க் கன்னியர் மடத்தில் இருந்த சிஸ்டர் பெர்பெத்துவாவுக்கு நாற்பது வயது. வியாகுலத்துக்கு எழுத்துக் கூட்டி வேதாகமம் வாசிக்கக் கற்றுக்கொடுத்தவள் அவள். வயதில் சின்னவளானாலும் வியாகுலத்துக்கு அவள்தான் குரு. எதுவானாலும் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுத்தான் செய்வாள்.

அன்று காலை மடத்துக்கு வந்த வியாகுலம் புத்தகத்தைத் தொடவே இல்லை.

“சிஸ்டர், என் பேரை மாத்திக் குடுங்க.”

“ஏன்க்கா, அந்தப் பேருக்கு என்ன?”

“செலின் புள்ளைக்கு ஞாயித்துக்கெழம ஞானஸ்நானம். முதல் பொம்பளப் புள்ளைக்கு அம்மையைப் பெத்தவ பேருதானே வைக்கணும்? சம்பந்தி மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டா. அந்தப் பேரை வச்சுக்கிட்டு ஒருத்தி பட்டது போதாதா, பச்சப்புள்ள தலையிலயும் கட்டணுமான்னு.”

“செலின் என்ன சொன்னா?”

“வாயத் தெறக்கல. அதுதான் சிஸ்டர் வயித்தெரிச்சல். நான் அந்த ஞானஸ்நானத்துக்குப் போகப் போறதில்ல.”

வியாகுலத்துக்கு அடக்க முடியவில்லை.

“ஒண்ணு கேக்கேன், மறைக்காம சொல்லுங்க. நான் யாரு குடியைக் கெடுத்தேன்? எதுக்கு ஆண்டவர் எனக்கு மட்டும் அள்ளி அள்ளிக் குடுக்காரு?”

“என்ன பேரு வேணும்?” என்றாள் சிஸ்டர்.

சண்டை போடத் தயாராக வந்தவளுக்கு இது சப்பென்று ஆகிவிட்டது. கொஞ்சம் யோசித்தாள்.

“சந்தோசம்னு வைங்க.”

“சரி. இன்னையிலேர்ந்து நீங்க சந்தோசம் அக்கா.”

“அவ்வளவுதானா? செபம், தீர்த்தம் ஒண்ணும் இல்லையா?”

“கூப்பிட்டாப் போதும்.”

மடத்துச் சமையலுக்கு அரிசி புடைக்க வேண்டியிருந்தது. “சந்தோசம் அக்கா, அந்த முறத்தை எடுங்க” என்றாள் சிஸ்டர். வியாகுலம் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று உட்கார்ந்திருந்தாள். இன்னொரு தரம் கூப்பிட்ட பிறகுதான் எழுந்தாள். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

பத்து மணி இருக்கும். மெல்கியோர் வேர்க்க விறுவிறுக்க வந்து நின்றார். மூன்று நாளைக்கு முன்னால் கடலில் படகு கவிழ்ந்து அவர் தம்பி முங்கிப் போயிருந்தான்.

“சிஸ்டர், வியாகுலத்தக்காவக் கொஞ்சம் அனுப்புங்க.”

“வியாகுலம்னு இங்க யாரும் இல்ல. சந்தோசம்னு ஒருத்தங்க இருக்காங்க. அனுப்பவா?”

மெல்கியோர் முறத்தோடு உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தார், சிஸ்டரைப் பார்த்தார். அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“வெளையாடுற நேரமா இது? தம்பி பொணம் இன்னும் கரை சேரல. அவன் பொண்டாட்டி பச்சத்தண்ணி பல்லுல படாமக் கெடக்கா. சாமியார் வந்தாரு, அவ அம்மை வந்தா, யாரையும் கிட்ட விடல. வியாகுலத்தக்கா வரட்டும்னு அது ஒண்ணுதான் சொல்லுதா.”

வியாகுலம் முறத்தைக் கீழே வைத்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவர் பின்னால் போனாள்.

மத்தியானம் சாய்ந்து திரும்பி வந்தாள். அதே இடத்தில் உட்கார்ந்தாள்.

“ஏதாவது குடிச்சாளா?”

“நாலு வாய் கஞ்சி.”

“என்னக்கா சொன்னீங்க?”

“என்னத்தச் சொல்ல? ஆண்டவர் சித்தம்னு சொல்ல எனக்கு வாய் வரல. பக்கத்துல உக்காந்தேன். நீங்க எத்தன நாள் கழிச்சு கடலப் பாத்தீங்கன்னு கேட்டா. ஒரு வருசம் அந்தப் பக்கமே தலைவச்சுப் படுக்கலன்னேன். அம்புட்டுத்தான், என் மடியில விழுந்து கதறிட்டா. பெறகு கையால ஊட்டிவிட்டேன்.”

சொல்லி முடித்தவளுக்குச் சட்டென்று முகம் மாறியது.

“அப்ப இதுக்குத்தானா சிஸ்டர்? இவளுக்குக் கஞ்சி ஊட்டத்தான் என் புருசனையும் புள்ளையையும் எடுத்தாரா? அப்படிப்பட்ட ஆண்டவர் எனக்கு வேண்டாம்.”

“எனக்கும் வேண்டாம்” என்றாள் சிஸ்டர்.

வியாகுலம் திகைத்துப் போனாள்.

“பின்ன எதுக்குத்தான் குடுத்தாரு?”

“தெரியாதுக்கா. ஏன்னு ஆண்டவரே சிலுவையில கேட்டாரு. பதில் வந்ததா எங்கயும் எழுதியில்ல.”

சிஸ்டர் முறத்தில் மிச்சமிருந்த அரிசியை ஒதுக்கி வைத்தாள். பிறகு தொடர்ந்தாள்.

“உயிர்த்து வந்தப்ப அவர் கையில ஆணிக் காயம் அப்படியே இருந்துச்சு. சாவையே செயிச்சவருக்கு அதை ஆத்திக்கிடத் தெரியாதா? நம்ப மாட்டேன்னு சீடர் தோமா நின்னப்ப அந்தக் கையைத்தான் நீட்டினாரு.”

வியாகுலம் தன் விரல்களைப் பார்த்தாள். கஞ்சி காய்ந்து ஒட்டியிருந்தது. அதைச் சுரண்டிக்கொண்டே சொன்னாள்:

“ஞாயித்துக்கெழம புள்ளைக்கு வேற பேருதான் வைப்பாங்க, சிஸ்டர்.”

“வைக்கட்டும். நீங்க போய் புள்ளைய வாங்கக் கையை நீட்டுங்க.”